கல்லும் கொண்டைக்கடலையும் ஒரே தம்ளரில்: செடிக்கு உயிர் உண்டென்று எப்படிக் காட்டுவது?

‘உயிருள்ளவை, உயிரற்றவை’ பாடத்தில் நாய், கோழி, எறும்பு வரைக்கும் சிக்கலே இல்லை. செடியில்தான் இடறும். “செடிக்கு உயிர் இருக்கா?” என்று கேட்டால் ஒன்றாம் வகுப்பு மொத்தமும் “இருக்கு டீச்சர்” என்று ராகம் போடும். “எப்படித் தெரியும்?” என்று அடுத்ததைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். மீதிப் பேர் “காத்துல ஆடுதுல்ல” என்பார்கள். அந்தக் கணக்கில் கொடியில் காயும் சட்டைக்கும் உயிர் இருக்க வேண்டும்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குழப்பம் இல்லை. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1920களிலேயே குழந்தைகளிடம் பேசிப் பார்த்து இதைப் பதிவு செய்தார். சின்ன வயதில் அசைவதற்கெல்லாம் உயிர் உண்டு. மேகம், சூரியன், ஆறு, ஓடும்போது சைக்கிள்கூட. அசையாமல் நிற்கிற வேப்பமரம் அந்தப் பட்டியலில் எளிதில் இடம்பிடிக்காது. ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் வேறொரு கதவைத் திறந்தன. ஜப்பானில் இனகாகியும் ஹட்டானோவும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ‘வளர்வது’ என்ற இடத்தில் 5 வயதுக் குழந்தைகளே செடியையும் விலங்கையும் ஒரு பக்கம் வைத்து, கல்லையும் நாற்காலியையும் வேறு பக்கம் வைத்தார்கள். அமெரிக்காவில் சூசன் கெல்மனும் உடன் ஆய்ந்தவர்களும் 1993இல் கண்டது இன்னும் சுவையானது. அடிபட்டால் செடியும் விலங்கும் தானே ஆறிவிடும், உடைந்த பொருளை யாராவது ஒட்டினால்தான் உண்டு என்பது 4 வயதிலேயே தெரிந்திருக்கிறது.

ஆக, பிள்ளை வெறுங்கையோடு வகுப்புக்கு வரவில்லை. வளர்வதும் ஆறுவதும் அதற்குப் பாதி தெரிந்த விஷயங்கள். நாம்தான் அதை விட்டுவிட்டு ‘சுவாசிக்கும், இனப்பெருக்கம் செய்யும்’ என்று கண்ணுக்குத் தெரியாததில் ஆரம்பிக்கிறோம். எனவே, பழக்கத்தில் இருக்கும் வழிகளை நான் ஒரே கேள்வியால்தான் எடை போடுகிறேன். செடிக்குச் செய்வதை எல்லாம் உயிரற்ற ஒன்றுக்கும் அப்படியே செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த வழி இடம் கொடுக்கிறதா?

முதலில், எல்லாருடைய கையிலும் இருக்கும் படஅட்டை. தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் வந்த பிறகு அட்டை, குழு, செயல்பாடு எல்லாம் தொடக்கப்பள்ளியில் சாதாரணமாகிவிட்டன. இரண்டு டப்பா வைத்துப் படங்களைப் பிரித்துப் போடச் சொல்வது ஐந்து நிமிட வேலை, சத்தமும் சந்தோஷமுமாக நடக்கும். கற்றுக்கொடுக்க மட்டும் அது உதவாது. படத்தில் மாமரமும் பாறையும் ஒரே மாதிரிதான் சும்மா இருக்கின்றன. அந்த அட்டையில் பிள்ளை கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் முகத்தைப் பார்க்கும், புருவம் லேசாக ஏறினால் டப்பாவை மாற்றிவிடும். பாடம் முடிந்த பிறகு என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்க அட்டை நல்ல கருவி. தொடக்கத்தில் அதை எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. ‘செடி ஓரறிவு உயிர்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் போதாதா என்று தமிழாசிரியர்கள் கேட்பதுண்டு. அழகான வரிதான். ஆறு வயதில் அது மனப்பாடமாக மட்டுமே தங்கும்.

அடுத்தது தொட்டாச்சிணுங்கி. இதைக் காட்டினால் வகுப்பு துள்ளும், மறுக்கவே முடியாது. தொட்ட மாத்திரத்தில் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடங்குவதையும், கொஞ்ச நேரம் கழித்துத் தானே விரிவதையும் பார்த்து வாயைப் பிளக்காத குழந்தை கிடையாது. சிக்கல் அதற்கு அப்புறம்தான் வரும். ‘அசைந்தால்தான் உயிர்’ என்ற பழைய எண்ணத்தை உடைக்க வந்த நாமே அதற்கு உரம் போட்டுவிடுகிறோம். மறுநாள் ஒரு பிள்ளை செம்பருத்தி இலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது செத்துப்போச்சு டீச்சர்” என்று வந்து நிற்கும். இலைக்காம்பின் அடியில் இருக்கும் சின்னப் புடைப்பிலிருந்து நீர் சட்டென்று விலகுவதால் இலை மடங்குகிறது என்பதை அந்த வயதில் விளக்கவும் முடியாது. விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் தொட்டாச்சிணுங்கியை ஆராய்ந்தவர். அவரே அதோடு நிற்காமல், கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். சும்மா நிற்கும் செடியிலும் ஏதோ நடக்கிறது என்று காட்டத்தானே அவ்வளவு பாடும்? தொட்டாச்சிணுங்கியைக் கடைசி நாள் விருந்தாக வைத்துக்கொள்ளுங்கள். முள் குத்தும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகமாக ஓடவிட்ட வீடியோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10 நாள் வளர்ச்சியை 20 நொடியில் பார்க்கும் குழந்தைக்கு அது கார்ட்டூன். சொந்தமாக ஒரு விதை போட்டு, அது முளைத்த பிறகு பார்த்தால், “நம்ம கடலையும் இப்படித்தான் வந்துச்சு” என்று பொருந்திப் போகும். அதே யூடியூபில் ‘இலை மூச்சுவிடுவதைப் பாருங்கள்’ என்று ஒரு சோதனை சுற்றுகிறது. இலையைத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைப்பார்கள், குமிழி ஒட்டும். பக்கத்தில் ஒரு கூழாங்கல்லையும் போட்டுப் பாருங்கள். தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருந்த காற்று கல்லின் மேலும் குமிழியாக ஒட்டும். பிள்ளைகள் கல்லுக்கும் மூச்சு உண்டென்று முடிவு கட்டினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இப்போது நான் கட்சி கட்டும் வழிக்கு வருகிறேன். விதை முளைக்கவைப்பது எல்லாரும் செய்வதுதான். ஆனால் பெரும்பாலும் விதையை மட்டும் முளைக்கவைக்கிறோம். பக்கத்தில் உயிரற்றது ஒன்று இல்லாததால், ‘செடி எப்படி வளர்கிறது’ என்ற வேறொரு பாடமாக அது முடிந்துவிடுகிறது. ஒரு கண்ணாடித் தம்ளர், உள்சுவரை ஒட்டிப் பழைய வேட்டித் துணி, அடியில் இரண்டு விரல் தண்ணீர். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்றைச் செருகுங்கள்: ஒரு கருப்புக் கொண்டைக்கடலை, ஒரு பொட்டுக்கடலை, கடலை அளவில் ஒரு கூழாங்கல். மூன்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம், ஒரே ஜன்னல்.

பொட்டுக்கடலைதான் இதில் கதாநாயகன். அதுவும் கொண்டைக்கடலைதான், வறுத்து, தோல் நீக்கி, உடைத்தது. மறுநாள் காலையில் கடலை ஊதியிருக்கும், பொட்டுக்கடலையும் ஊதியிருக்கும், கல் அப்படியே இருக்கும். “ரெண்டும் வளர்ந்திருச்சு!” என்று கூச்சல் எழும். அப்போது திருத்தாதீர்கள். கல்லுக்கு எதிராக இரண்டும் ஒரு கட்சியாகத் தெரியும் அந்த ஒரு நாள் தேவை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கொண்டைக்கடலையின் மூக்கு இருக்கிற பக்கமாகத் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு நுனி வரும். பொட்டுக்கடலை அதற்குள் கொழகொழத்து நாறத் தொடங்கியிருக்கும். ஊறுவது வேறு, வளர்வது வேறு என்று நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்களே சொல்வார்கள். நாறியதை அன்றே எடுத்துப் போட்டுவிடுங்கள், பக்கத்தில் இருக்கும் நல்லதையும் கெடுத்துவிடும்.

உடைத்த பருப்போடு முழு விதையை ஒப்பிடுவது நியாயமா என்று மூன்றாம் வகுப்பில் ஒரு குறும்பு கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு, தோலோடு வறுத்த கருப்புக் கடலையையோ, சுண்டலுக்கு அவித்து இன்னும் தாளிக்காத கடலையையோ வையுங்கள். அரசுப் பள்ளியில் சத்துணவில் கடலை போடும் நாளாகப் பார்த்துச் சமையல் அக்காவிடம் சொல்லிவைத்தால் பச்சைக் கடலையும் அவித்த கடலையும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும், காலணா செலவில்லை.

தம்ளரில் வேர் ஒரு விரற்கடை நீண்டதும் தண்ணீரை வடித்துவிட்டுத் தம்ளரைப் படுக்கவையுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும். அடுத்த நாள் வேர் நுனி தரையைப் பார்த்து வளைந்திருக்கும். யாரும் தொடவில்லை, காற்றும் அடிக்கவில்லை. கல் எப்படிப் படுத்ததோ அப்படியே கிடக்கும். ‘அசைவு’ என்று புத்தகம் சொல்வதைக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. உயரத்தை அளக்க ஸ்கேல் வேண்டாம். தினமும் முளையின் உயரத்துக்கு ஓர் ஈர்க்குச்சியை ஒடித்துச் சார்ட்டில் வரிசையாக ஒட்டினால் படிக்கட்டு மாதிரி ஏறும். கல்லுக்கும் ஒட்டச் சொல்லுங்கள். தினமும் ஒரே அளவுக் குச்சியை ஒடிப்பதில் அலுத்துப்போய், “இது வளரவே வளராது, விடுங்க டீச்சர்” என்பார்கள்.

கூடுதலாக ஒரு தம்ளரை அலமாரிக்குள் பூட்டி வைக்கலாம். முளை வெளிறிய மஞ்சளாக, ஒல்லியாக, விறுவிறுவென்று உயரும். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள் இதைப் பார்த்ததும் “முளைப்பாரி!” என்பார்கள். வெயில் படாத அறையில் வைத்த முளைப்பாரியை வருடா வருடம் பார்த்தவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு கல்லை வருடம் முழுக்க இருட்டில் வைத்தாலும் நிறம் மாறாது என்பதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

எந்த விதை என்பதிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பச்சைப்பயறு வேகமானது, இரவு ஊறவைத்தால் மறுநாளே முனை தெரியும். ஒரே வாரத்தில் பாடத்தை முடிக்க வேண்டியவர்களுக்கு அது. ஆனால் சின்னது, எது வேர், எது தண்டு என்று பார்ப்பதற்குள் பின்வரிசைப் பிள்ளை சண்டைக்கு வந்துவிடும். தக்காளி, கத்தரி எல்லாம் ஒரு வாரத்துக்கும் மேல் பொறுமை கேட்கும், ஆறு வயது அவ்வளவு காத்திருக்காது. உரக்கடையில் வாங்கும் வெண்டை, பீர்க்கை விதைகள் வேண்டவே வேண்டாம். இளஞ்சிவப்போ நீலமோ பூசியிருந்தால் அது பூஞ்சைக்கொல்லி மருந்து. குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், ஆமணக்கும் கூடாது, இரண்டும் கொடிய விஷம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்றால் விதையைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். மூக்குக்குள் போன கடலை அங்கேயே ஊறி ஊதினால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். இதே காரணத்துக்காகத் தண்ணீரில் ஊதிப் பெருக்கும் வண்ண ஜெல்லி உருண்டைகளை வகுப்புக்குள் விடவே கூடாது. ‘உயிரில்லாததும் பெரிதாகும்’ என்று காட்ட நல்ல பொருள்தான். விழுங்கிவிட்டால் குடலுக்குள் போய்ப் பெருக்கும்.

கடலைச் சோதனையில் இன்னொரு லாபம், டப்பா இரண்டா மூன்றா என்ற வழக்கு தானாகத் தீர்ந்துவிடுகிறது. உயிருள்ளது, உயிரற்றது என்று இரண்டே டப்பா வைத்தால் காய்ந்த சருகு எங்கே போகும்? மேசை? பறித்துவந்த கறிவேப்பிலை? பொட்டுக்கடலையை நாறவைத்த வகுப்புக்கு ‘முன்னே உயிர் இருந்தது, இப்போது இல்லை’ என்ற மூன்றாவது டப்பா இயல்பாகவே வரும். நான்கு வயதில் இரண்டு டப்பா போதும். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாவதைச் சேர்த்துவிடுங்கள். கறிவேப்பிலைக்கு என்ன பதில் என்று கேட்காதீர்கள், பறித்த இலை கொஞ்ச நேரம் உயிரோடுதான் இருக்கும். அதைப் பற்றி அவர்கள் சண்டை போடட்டும். ரணகள்ளி இலை கிடைத்தால் சண்டை இன்னும் சூடு பிடிக்கும். ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்று சொல்வார்களே, அதுதான். நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்ட ஒற்றை இலையின் விளிம்பில் குட்டிச் செடிகள் முளைக்கும். பக்கத்தில் அதே அளவுக்குக் காகித இலை ஒன்றையும் தொங்கவிட மறக்காதீர்கள்.

தம்ளரும் துணியும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மெனக்கெட முடியாதவர்களுக்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று, பள்ளி வளாகத்து மரம். கிளை வெட்டிய இடத்தைச் சுற்றிப் பட்டை உதடு போலத் தடித்து மூடிக்கொண்டு வருவதைக் காட்டுங்கள். பிறகு வகுப்புக்குள் வந்து, யாரோ காம்பஸால் பெயர் கீறிய பெஞ்சைக் காட்டுங்கள். எந்தக் காலத்துக் கீறலோ, அப்படியே கிடக்கும். “பெஞ்சு ஏன் ஆறலை?” கெல்மன் கண்ட அந்த நான்கு வயது அறிவு இங்கே நேராக வேலைக்கு வரும். பெஞ்சும் ஒரு காலத்தில் மரம்தான் என்று நீங்கள் சேர்த்துச் சொன்னால் மூன்றாவது டப்பாவும் கையோடு கிடைத்துவிடும். முருங்கை இருந்தால் இன்னும் நல்லது. வெட்டிப் போட்ட போத்து, அதாவது கிளைத்துண்டு, பார்க்க விறகு மாதிரியே இருக்கும். நட்டு வைத்தால் துளிர்க்கும், பக்கத்தில் நட்ட விளக்குமாற்றுக் கட்டை துளிர்க்காது. ஒரே குறை, போத்துக்குப் பல நாள் ஆகும்.

இன்னொன்று பாலித்தீன் பை, அன்றைக்கே முடிந்துவிடும். காலையில் வெயில் படும் செம்பருத்திக் கிளை ஒன்றில் இலைகளோடு பையைக் கட்டுங்கள். அதே மாதிரி ஒரு பையில் நன்றாகத் துடைத்த கல்லையோ காய்ந்த குச்சியையோ போட்டுக் கட்டிப் பக்கத்தில் வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் இலை இருக்கும் பையில் நீர்த்துளி கோத்திருக்கும். ‘செடி மூச்சு விட்டது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இலை நீரை ஆவியாக வெளியே விட்டிருக்கிறது, அவ்வளவே. வேர் குடித்த தண்ணீர் இலை வழியாக வெளியே வந்தது என்றால் பிள்ளைக்கும் புரியும், நாமும் பொய் சொன்னதாகாது.

சென்னை, கோவை அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு வேறு. ஒரு பாட்டிலில் மணி பிளான்ட் துண்டு, கணு தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். இன்னொரு பாட்டிலில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கொடி. இரண்டும் பச்சை, இரண்டுக்கும் தண்ணீர், தூரத்திலிருந்து பார்த்தால் பிளாஸ்டிக்தான் பளபளவென்று உயிரோடு இருப்பது போலத் தெரியும். கல்லோடு ஒப்பிடுவதைவிட இது கடினமான பரீட்சை. ஏனென்றால் உருவத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, காத்திருந்துதான் ஆக வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வேர் இறங்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் பாசி பிடிக்கலாம். அப்போது, “அம்மா, இதுவும் வளருது” என்று ஓடி வந்தால், பாசி தனியாக உயிருள்ள ஒன்று என்று சொல்ல அருமையான வாய்ப்பு. மணி பிளான்ட் இலையைக் கடிக்கவிடாதீர்கள், நாக்கும் தொண்டையும் எரியும்.

எனவே, நேரம் ஒரு பீரியட் மட்டுமே என்றால் மரமும் பெஞ்சும். ஒரு நாள் என்றால் அதோடு பாலித்தீன் பை. ஒரு வாரம் கிடைத்தால் மறுபேச்சில்லாமல் கடலைத் தம்ளர். திங்கட்கிழமை போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை போட்டால் சனி, ஞாயிறில் துணி காய்ந்து, திங்களன்று மூன்றுமே கல்லாகிக் கிடக்கும். அட்டை விளையாட்டு வெள்ளி மதியத்துக்கு. அப்போது விளக்குச் சுடர், மேகம், கரையான் புற்று போன்ற வில்லங்கமான படங்களையும் கலந்துவிடுங்கள். சுடர் பெரிதாகிறது, ஆடுகிறது, எண்ணெய் குடிக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றை ஏற்றவும் முடிகிறது. அதற்கு ஏன் உயிர் இல்லை என்று இரண்டாம் வகுப்பு வாதாடுவதை ஒருமுறை கேட்டுவிட்டால், ‘உயிருள்ளவற்றின் பண்புகள்’ என்று கரும்பலகையில் ஏழு வரி எழுதிப்போட உங்களுக்கே கை வராது.

முளைத்த கடலையைத் துணியிலேயே விட்டுவைக்காதீர்கள். பருப்பில் இருக்கும் சத்து தீர்ந்ததும் வாடிவிடும். அடியில் துளையிட்ட கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி மாற்றலாம். ஆனால் கொண்டைக்கடலை குளிர்காலப் பயிர், ஜூன் மாத வெயிலில் நம் ஊரில் அதிக நாள் நிற்காது. காய் காய்க்கும்வரை பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால், பக்கத்திலேயே இரண்டு தட்டைப்பயறும் போட்டு வையுங்கள். அது வெயிலுக்கு அசராது, இரண்டு மூன்று மாதத்தில் காய்த்தும்விடும்.